கிறிஸ்டன் நிகார்ட்: கணக்கு யாருடையது, தீர்ப்பு யாருடையது?

2002ஆம் ஆண்டு நோர்வே என்ற பெயர் வடக்கு கிழக்கில் அடிபடாத வீட்டுத் திண்ணை இல்லை. பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. எரிக் சொல்ஹெய்மின் பெயர் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கண்கள் அந்த நோர்வேஜியர்கள் மீது இருந்த அதே ஆண்டில், ஓகஸ்ட் 10ஆம் திகதி, ஒஸ்லோவில் இன்னொரு நோர்வேஜியர் மாரடைப்பால் காலமானார். வயது 75. சமாதானப் பேச்சோடு அவருக்குத் தொடர்பில்லை. ஆனால் அவர் செய்து வைத்த வேலை இன்று ஹட்டனில் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவியின் கொப்பியில் இருக்கிறது. கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் இரவு வேலை பார்க்கும் கிளிநொச்சி இளைஞனின் திரையிலும் இருக்கிறது.

அவர் பெயர் கிறிஸ்டன் நிகார்ட். ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைதன் என்று எந்த மொழியைப் படித்தாலும் முதல் மாதத்திலேயே வந்துவிடும் 'வகுப்பு', 'பொருள்' என்ற இரண்டு எண்ணங்களையும் ஒலே யோஹன் டால் என்ற தோழரோடு சேர்ந்து உருவாக்கியவர். கணினி வரலாற்று நூல்கள் அவரைப் பற்றி இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதிதான் அதிகம் பிடித்தது. ஒருவரைப் பற்றிய கணக்கு எங்கே இருக்க வேண்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் யார் என்ற கேள்வியை அவர் வாழ்நாளில் இரண்டு முறை கேட்டார். முதலில் இயந்திரத்தைப் பார்த்து. பிறகு தொழிற்சாலை முதலாளிகளைப் பார்த்து.

இந்தக் கேள்வி மலையகத்துக்குப் பழையது. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். தொழிலாளி புதிய இடத்தில் அதே கடனோடு வேலையைத் தொடங்குவார். கடன் எப்படி வந்தது, வட்டி எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்ற விபரம் கங்காணியிடம் இருந்தது. வெளியே தெரிந்தது ஒரேயொரு தொகை. அந்தத் தொகையைப் பார்த்து எவரும் முடிவெடுக்கலாம், அதற்கு உரியவரைத் தவிர. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தாத்தா எங்கே பிறந்தார் என்ற ஒரு கடதாசி இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்களுக்கு அந்தக் கடதாசிக் கதையும் சேர்ந்தே வந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களிடம் பதிவு என்றால் என்ன என்று கேட்டால், எத்தனை முறை அதே பெயரை, அதே வயதை, அதே உறவு முறையைச் சொன்னார்கள் என்று சொல்வார்கள். தரவு என்ற சொல் எங்களுக்குக் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் சொல்லாக ஒருபோதும் இருந்ததில்லை.

நிகார்ட் 1926 ஓகஸ்ட் 27ஆம் திகதி ஒஸ்லோவில் பிறந்தார். ஜேர்மனியப் படைகள் நோர்வேக்குள் நுழைந்தபோது வயது 13. அவை சரணடைந்தபோது 18. வளரும் பருவம் முழுவதும் அந்நிய இராணுவத்தின் கீழ் கழிந்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1948இல் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகள். வழக்கமான முறையில் அந்தக் கணக்குகள் முடிவடைவதாயில்லை. நிகார்ட் 'மொன்டே கார்லோ' முறையைக் கொண்டுவந்தார். ஒரு துணிக்கை எந்தப் பக்கம் போகும் என்று சமன்பாட்டால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், சூதாட்டக் காய் உருட்டுவது போல ஆயிரக்கணக்கான துணிக்கைகளைத் தாளில் ஓடவிட்டு, எத்தனை எங்கே போய்ச் சேர்ந்தன என்று எண்ணிப் பார்ப்பதுதான் அந்த முறை. உலகத்தைச் சூத்திரமாகச் சுருக்குவதை விட்டுவிட்டு, உலகத்தை மாதிரியாக ஓடவிடும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. 1956இல் முதுமாணிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வும் இதே விடயத்தில்தான்.

1960இல் அவர் இராணுவ ஆராய்ச்சியை விட்டு நோர்வேயின் கணினி நிலையத்துக்கு மாறினார். அவரைத் துளைத்த பிரச்சினை வரிசைகள். துறைமுகத்தில் கப்பல்கள் காத்திருக்கின்றன, தொழிற்சாலையில் பாகங்கள் காத்திருக்கின்றன. எங்கே நெரிசல், ஏன் நெரிசல்? இதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்க ஒரு மொழி வேண்டும் என்ற எண்ணம் 1961இல் வந்தது. நிகார்டுக்குப் பெரிய படம் தெரியும். செய்நிரல் எழுதுவதில் டால்தான் கைதேர்ந்தவர். பாதுகாப்பு நிறுவனத்தில் பழகிய இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மொழிக்கு சிமுலா என்று பெயர்.

இங்கே ஒரு சின்ன விடயத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே வித்து. முதலில் அவர்கள் வரைந்த உலகத்தில் இரண்டு வகை இருந்தன. சேவை செய்யும் நிலையங்கள் ஒன்று, சேவை பெற வரும் வாடிக்கையாளர்கள் மற்றொன்று. செய்வதெல்லாம் நிலையம். வாடிக்கையாளர் ஒரு பொட்டலம். தன்மீது எழுதப்பட்ட விபரங்களோடு ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளப்படுவார். நிலையம் அந்த விபரங்களைப் பார்க்கும், முடிவெடுக்கும், அடுத்த இடத்துக்கு அனுப்பும். இரண்டு ஆண்டுகள் இதோடு போராடிய பிறகு, 1964 பெப்ரவரியில் அந்தப் பிரிவினையையே தூக்கி எறிந்தார்கள். உலகத்தில் இருப்பவை எல்லாம் ஒரே வகை: தனக்கென்று தரவும், தனக்கென்று செயலும் உள்ள ஒன்று. கப்பலும் செயற்படலாம், துறைமுகமும் செயற்படலாம். பொட்டலமாக இருந்தவர் எழுந்து நின்றார் என்று நான் இதைப் புரிந்துகொண்டேன். கணினித்துறை படித்தவர்கள் இந்த வர்ணனைக்குச் சிரிக்கக்கூடும். ஊடகத்துறை படித்தவருக்கு இவ்வளவு சலுகை உண்டு.

1965 தொடக்கத்தில் சிமுலாவின் முதல் வடிவம் ஒஸ்லோவில் இருந்த யூனிவக் கணினியில் ஓடியது. ஒரு பாலத்தில் கட்டணம் செலுத்த நிற்கும் வாகன வரிசையை எழுதிப் பார்க்கும்போது, பேருந்தும் லொறியும் பல விதத்தில் ஒன்று, சில விதத்தில் வேறு என்ற பிரச்சினை வந்தது. பொதுவானதை ஒருமுறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் மேலே சேர்க்க வழி தேடினார்கள். அதிலிருந்து வகுப்பும் அதன் வழிவரும் துணைவகுப்பும் பிறந்தன. 1967 மே மாதம் ஒஸ்லோவுக்கு அருகே லிசெபூவில் நடந்த மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். சிமுலா 67 என்ற பெயர் அப்படி வந்தது. அமெரிக்காவில் அலன் கே அதைப் படித்துவிட்டு ஸ்மோல்டோக் மொழிக்குப் போனார். கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் சி மொழிக்கு வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஜாவா 1995இல் வந்தது.

இனி அந்தப் 'பொருள்' என்பதைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவோம். உதாரணம் என்னுடையது, நிகார்டுடையது அல்ல.

கொழுந்து நிறுக்கும் இடம். காலை, மதியம், மாலை என்று ஒருவரின் கொழுந்து மூன்று முறை தராசுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். மிஞ்சுவதைக் கூட்டி, அன்றைக்குரிய அளவைத் தொட்டால் முழுப்பேர், தொடாவிட்டால் அரைப்பேர். அளவுக்கு மேலே போனால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு. தெரியாத வாசகர்களுக்கு: தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் அன்றைக்கு உங்கள் பெயர் எப்படி விழுகிறதோ, அதுதான் சம்பளம்.

இதற்கு ஒரு செய்நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாள்கொழுந்து' என்று ஒரு வகுப்பு. அதற்குள் மூன்று நிறைகள். இப்போதுதான் படித்து வந்த ஒருவர் என்ன செய்வார்? நிறைகளைப் பூட்டி வைப்பார். வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது. ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது அது. பிறகு ஒவ்வொரு நிறைக்கும் ஒரு 'கெட்டர்' எழுதுவார்: காலை நிறையைக் கொடு, மதிய நிறையைக் கொடு, மாலை நிறையைக் கொடு. கேட்டால் எண்ணைத் திருப்பித் தரும் ஒரு சின்ன முறை அது. பூட்டும் இருக்கிறது, பாடப்புத்தகத்துக்கு விரோதமில்லை. ஆனால் திறப்பு கதவிலேயே தொங்குகிறது.

இப்போது சம்பளக் கணக்குப் போடும் பகுதி மூன்று எண்களையும் வாங்கி, தானே பையைக் கழித்து, தானே ஈரத்தைக் கழித்து, முழுப்பேரா அரைப்பேரா என்று முடிவெடுக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தரின் அறிக்கை தயாரிக்கும் பகுதியும் அதே மூன்று எண்களை வாங்கித் தன் பாட்டில் கழிக்கிறது. மாலையில் கையில் கொடுக்கும் சிட்டையை அச்சிடும் பகுதி மூன்றாவது. ஒரே விதி மூன்று இடத்தில். வறட்சி வருகிறது, கொழுந்து இல்லை, நாளளவு 18 கிலோவிலிருந்து 15க்குக் குறைக்கப்படுகிறது என்று வைப்போம். செய்நிரலாளர் இரண்டு இடத்தில் மாற்றுகிறார். சம்பளப் பகுதியை மறந்துவிடுகிறார். 16 கிலோ பறித்த பெண்ணின் சிட்டையில் முழுப்பேர். மாத முடிவில் சம்பளத்தில் அரைப்பேர். கணக்கப்பிள்ளை பொய் சொல்லவில்லை, பெரிய கிளாக்கரும் பொய் சொல்லவில்லை, தராசும் சரி. ஒவ்வொருவரும் தங்கள் திரையைக் காட்டி, இதோ பார் என்பார்கள். அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பது?

விதியும் எண்ணும் பிரிந்ததுதான் இங்கே நடந்த கோளாறு. எண்ணை வைத்திருந்தவருக்கு விதி தெரியாது. விதியைப் போட்டவர்கள் எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. 'நாள்கொழுந்து' வெறும் பொட்டலமாகிவிட்டது. நிகார்டும் டாலும் 1964இல் தூக்கி எறிந்த அதே பொட்டலம்.

வேறு விதமாக எழுதலாம். 'நாள்கொழுந்து' மூன்று நிறைகளையும் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும். கழிவு விதியும் நாளளவும் அதற்குள்ளேயே இருக்கட்டும். வெளியே இருப்பவர்கள் எண்ணைக் கேட்கக்கூடாது, கேள்வியைக் கேட்க வேண்டும். இன்றைக்கு இது முழுப்பேரா? மேலதிகக் கிலோ எவ்வளவு? சம்பளப் பகுதியும் அறிக்கையும் சிட்டையும் ஒரே வாயிலிருந்து ஒரே பதிலைப் பெறும். நாளளவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பிழை வந்தாலும் மூன்று இடத்திலும் ஒரே பிழை வரும். அது ஒரு நாளிலேயே வெளியே தெரிந்துவிடும். இதைத்தான் ஆங்கிலத்தில் என்கப்சுலேஷன் என்கிறார்கள். பொதிந்து வைத்தல் என்று சொல்லலாம். தரவைப் பூட்டுவது அதில் பாதிதான். அந்தத் தரவைப் பற்றிய முடிவையும் அதனோடு சேர்த்து உள்ளே வைப்பது மற்றப் பாதி. கெட்டர் வரிசையாக எழுதுபவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு முழுவதும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒரு வகையும் உண்டு. மூன்று நிறைகளும் ஒரு பட்டியலாக உள்ளே இருக்கின்றன. கெட்டர் அந்தப் பட்டியலையே தூக்கிக் கொடுக்கிறது. ஜாவாவிலும் பைதனிலும் அப்படிக் கொடுத்தால் போவது பிரதி அல்ல, அசல். வாங்கியவர் தன் அறிக்கையின் வசதிக்காக மதிய நிறையை நீக்கினால், உள்ளேயும் அது நீங்கிவிடும். செக்ரோலைப் பார்க்கக் கேட்டவரிடம் செக்ரோலையும் அழிறப்பரையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. அனுபவமுள்ளவர்கள் பிரதி கொடுப்பார்கள், அல்லது மாற்ற முடியாத வடிவில் கொடுப்பார்கள்.

இவ்வளவு கெட்டர்கள் எங்கிருந்து வந்தன? பாதிக் காரணம் ஒரு வசதி. 1990களின் பிற்பாதியில் ஜாவாவில் 'ஜாவாபீன்ஸ்' என்ற ஏற்பாடு வந்தது. ஒரு பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கருவிகள் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், எடுக்கும் முறைக்கும் வைக்கும் முறைக்கும் ஒரே மாதிரியான பெயர் வேண்டும் என்று அது சொன்னது. திரையில் இழுத்துப் போட்டு வடிவமைக்கும் கருவிகளுக்காக வந்த பழக்கம், கொஞ்சக் காலத்தில் எல்லா வகுப்புக்கும் பரவியது. இப்போது எழுது கருவிகளே ஒரு சொடுக்கில் பத்துக் கெட்டர்களை எழுதித் தந்துவிடும். யாரும் கேட்காமலே கதவு திறக்கிறது.

ஆனால் நிகார்டின் பெயரால் யாரையும் குற்றம் சொல்ல முன்னர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிமுலா 67 முதலில் வந்தபோது அதில் பூட்டே இல்லை. ஒரு பொருளின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து உள்ளே இருப்பதை எவரும் எடுக்கலாம், மாற்றலாம். தந்தையரின் வீட்டில் கதவு வெறும் நிலைதான். 1972இல் டேவிட் பார்னாஸ், ஒரு செய்நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதிய கட்டுரையில், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வை என்ற கருத்தை நிலைநாட்டினார். சுவீடனின் ஜேக்கப் பால்மே சிமுலாவுக்குப் பூட்டு வேண்டும் என்று முன்மொழிந்து, 1970களில் அது சேர்க்கப்பட்டது. நிகார்டுக்கு முதலில் தேவைப்பட்டது வேறு: உலகத்தில் இருக்கும் ஒன்றை அதன் தரவோடும் செயலோடும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது. பூட்டு பின்னால் வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டுப் பூட்டை மட்டும் படிப்பதால்தான் திறப்பைக் கதவில் தொங்கவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கெட்டரே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிட்டையில் மூன்று நிறையும் அச்சாகத்தான் வேண்டும். கழிவு எவ்வளவு என்று எழுதத்தான் வேண்டும். முழுப்பேரா என்று மட்டும் கேள், மற்றது உனக்கு எதற்கு என்று ஒரு தோட்ட நிர்வாகம் சொன்னால் அது பொதிந்து வைத்தல் அல்ல, மூடி மறைத்தல். பார்ப்பதற்காகக் கொடுப்பதும், எடுத்துப்போய் வேறோர் இடத்தில் முடிவெடுப்பதற்காகக் கொடுப்பதும் ஒரே முறைதான் என்றாலும் ஒரே காரியம் அல்ல. மறைத்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வாசகர்களில் பலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 2009 மே மாதம் சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள் என்று தாய்மார் ஆண்டுக்கணக்காக வீதியோரப் பந்தல்களில் இருந்து கேட்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு உரியவர்கள் அவர்கள். ஒரு செய்நிரலுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடமிருந்து மறைப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் எதுவும், ஓர் அரசு தன் மக்களிடமிருந்து மறைப்பதற்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பாமல் பிரித்தவர் நிகார்ட். அவருடைய இரண்டாவது வாழ்க்கை அதுதான்.

1960களின் கடைசியில் சிமுலா தொழிற்சாலைகளுக்குள் போயிருந்தது. வேலையை எப்படி அடுக்கினால் நேரம் மிஞ்சும், எந்த இடத்தில் ஆள் குறைக்கலாம் என்று நிர்வாகங்கள் ஓடவிட்டுப் பார்த்தன. தன் மொழி யாருடைய கையில் வேலை செய்கிறது என்பதை நிகார்ட் கண்டார். மாதிரி உலகத்தில் எல்லோருக்கும் செயல் கொடுத்தவர், நிஜ உலகத்தில் தொழிலாளி மறுபடியும் பொட்டலமாக நகர்த்தப்படுவதற்குத் தன் கருவியே உதவுவதைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி கவலை தெரிவித்து ஒரு கட்டுரை எழுதுவார். நிகார்ட் தொழிற்சங்கத்திடம் போனார்.

நோர்வேயின் இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு 1971இல் ஒரு திட்டம் தொடங்கியது. தொழிற்சாலைக்குக் கணினி வரும்போது சங்கம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி. முதலில் ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குப் பழகிய வழியில் போனார்கள்: ஆய்வு செய்வது, அறிக்கை எழுதுவது, சங்கத்துக்குக் கொடுப்பது. கொஞ்சக் காலத்தில் அது சரிவரவில்லை என்பது தெரிந்தது. அறிக்கை அலுமாரிக்குள் போய்விடும். தொழிற்சாலைத் தளத்தில் இருப்பவருக்கு அதனால் ஒரு பலமும் வராது. அதனால் விளைவு என்ற சொல்லுக்கே வேறு பொருள் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சங்கக் கிளை தன் சொந்த அறிவால் எடுக்கும் நடவடிக்கைதான் இந்தத் திட்டத்தின் விளைவு. அறிக்கை அதற்கு உதவினால் நல்லது. தொழிலாளர்கள் மாலையில் கூடிக் கணினிப் பாடம் படித்தார்கள். தங்கள் வேலையைத் தாங்களே விபரித்து, எந்த விபரம் யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக்கூடாது என்று எழுதினார்கள். அவர்களுக்கான பாடநூல்கள் அந்தத் திட்டத்திலிருந்தே வந்தன.

1975இல் நோர்வேயின் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சம்மேளனமும் நாடு தழுவிய ஒரு தரவு ஒப்பந்தத்துக்கு வந்தன. புதிய கணினி முறை கொண்டுவரப்படும்போது தொழிலாளர்களுக்குத் தங்கள் பிரதிநிதிகள் ஊடாக அதுபற்றி அறிவிக்க வேண்டும். சிறப்பறிவு இல்லாதவருக்கும் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அந்த முறை பற்றிய ஆவணங்களைப் பார்க்கப் பிரதிநிதிகளுக்கு உரிமை உண்டு. தொழிலாளர் பற்றிய தனிப்பட்ட விபரங்களைச் சேர்ப்பதிலும் பயன்படுத்துவதிலும் அவர்களுக்குச் சொல் உண்டு. தரவு விடயத்துக்கென்றே ஒரு தொழிலாளர் பிரதிநிதி தெரிவுசெய்யப்படலாம். இதை வாசித்தபோது நான் முதலில் பார்த்தது ஆண்டைத்தான். 1975. எங்கள் தோட்டங்கள் தேசியமயமாகிக்கொண்டிருந்த ஆண்டு.

இன்று மலையகத்தின் பல தோட்டங்களில் தொங்குதராசின் இடத்துக்கு மின்னணுத் தராசு வந்திருக்கிறது. நிறை நேரே கணினிக்குப் போகிறது. அதில் நன்மை உண்டு. முள்ளைச் சாய்த்துப் படிக்க முடியாது. ஆனால் பைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற விதியும் அந்த இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள செய்நிரலுக்குள் போய்விட்டது. முன்பு கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை போடலாம். செய்நிரலோடு யார் சண்டை போடுவது? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்தது. அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை இடத்தில், மாற்றும்போது யாருக்குச் சொல்கிறார்கள் என்ற கேள்விகளைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு எந்தச் சங்கமும் கொண்டுபோகலாம். கேள்வியை எழுதிக்கொடுக்கத் தோட்டத்துப் பிள்ளைகளே இப்போது படித்திருக்கிறார்கள். லயத்தில் வளர்ந்து ஜாவா படித்த பிள்ளைக்கு அரைப்பேரின் வலியும் தெரியும், அந்த விதி எந்த வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். நிகார்ட் சங்கத்துக்கு வெளியிலிருந்து போனவர். இவர்களுக்கு அந்தத் தூரமும் இல்லை.

நிகார்டின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970களின் நடுவில் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு ஒஸ்லோவிலும் பேராசிரியராக இருந்தார். டென்மார்க், நோர்வே நண்பர்களோடு 'பீட்டா' என்ற மொழியை உருவாக்கினார்; சிமுலா அளவுக்கு அது பரவவில்லை. கணினி முறையை அதைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும் என்ற ஸ்கண்டிநேவிய மரபு அவருடைய சங்க வேலையிலிருந்து கிளைத்தது. குடிக்கு அடிமையாகி ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாழிடம் அமைக்கும் வேலையிலும் ஈடுபட்டிருந்தார். 1990இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கு எதிரான நோர்வே இயக்கத்தின் தலைவரானார். நாட்டின் முடிவுகள் தொலைவிலுள்ள அலுவலகமொன்றுக்குப் போகக்கூடாது என்பது அந்த இயக்கத்தின் வாதம். 1994 நவம்பர் 28ஆம் திகதி நடந்த மக்கள் தீர்ப்பில் 52.2 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள். நோர்வேஜியர்களிடம் கேட்டால் அவரைக் கணினிக்காரராக அல்ல, அந்த மேடைகளில் முழங்கிய பெரிய உருவமாகவே நினைவு வைத்திருக்கும் தலைமுறை ஒன்று உண்டு.

கணினி உலகின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது, 2001ஆம் ஆண்டுக்குரியது, நிகார்டுக்கும் டாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சிமுலாவுக்கு 34 ஆண்டுகள் கழித்து. 2002 ஜூன் 29ஆம் திகதி டால் காலமானார். ஆறு வாரம் கழித்து நிகார்டும் போனார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கணினித்துறை இன்று இயங்கும் புதிய கட்டடத்துக்கு டாலின் பெயர். அந்தத் துறை முன்பு இருந்த பழைய கட்டடத்துக்கு நிகார்டின் பெயர்.